சாக்லேட் டப்பாவுக்குத் துணை

இதழினியின் ஏழாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே அவள் அம்மா வித்யாலட்சுமிக்குத் தூக்கம் போய்விட்டது. கேக் யாரிடம் சொல்வது, கவுன் எங்கே எடுப்பது என்பதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஃபோனில் நாலு தட்டுத் தட்டினால் அதெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அவள் கவலை வேறு. சாக்லேட் டப்பாவுக்குத் துணையாக யார் போவது?

இதழினி படிக்கும் பள்ளியில், பிறந்தநாள் வந்த பிள்ளை அன்றைக்கு மட்டும் யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரஸ்ஸில் வரலாம். தன் வகுப்புக்குச் சாக்லேட் கொடுத்து முடித்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மற்ற வகுப்பு மிஸ்களுக்கும், ஸ்டாஃப் ரூமுக்கும், கடைசியாகப் பிரின்சிபால் அறைக்கும் போய்வர வேண்டும். துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொள்ளலாம். ஒருத்திதான். நாற்பது பிள்ளைகள் "நான், நான்" என்று கையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து எகிற, பிறந்தநாள்காரி கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரே ஒரு பெயரைச் சொல்வாள். அந்த நிமிடத்தில் யாருக்கு யார் என்பது ஊரறிய முடிவாகிவிடும். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க மாற்றமே கிடையாது.

வித்யாவைப் பொறுத்தவரை அந்தப் பெயர் எப்போதோ முடிவாகிவிட்டது. ஆத்யா. அவள் அம்மா வீணா பல் டாக்டர், வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். ஆத்யாவோ அபாகஸில் மூன்றாம் நிலை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஷூவில் பொட்டு மண் இருக்காது. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அந்தப் பெண் "குட் மார்னிங் ஆன்ட்டி, சாப்ட்டீங்களா?" என்று கேட்டதில் வித்யா அங்கேயே கவிழ்ந்துவிட்டாள். பழகினால் இப்படிப்பட்ட பிள்ளையோடு அல்லவா பழக வேண்டும்!

ஆனால் இதழினியின் வாயில் இருபத்துநாலு மணி நேரமும் வேறு பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. டோரதி.

"அம்மா, டோரதி வீட்டுக்குப் பின்னாடி சாக்கடையில முதலை இருக்காம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய வருமாம்."

"பொய்டி அது."

"நீ பாத்தியா?"

வித்யா பார்க்கவில்லைதான். வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாளில், ஒரு கையில் மவுஸும் மறு கையில் தோசைக் கரண்டியுமாக இருப்பவள் முதலையை எங்கே போய்ப் பார்ப்பது?

முதலையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்க டோரதி கற்றுக்கொடுத்திருந்தாள். வித்யா அமெரிக்காக்காரர்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து கிளம்பிய ஒரு விசிலில், அந்தப் பக்கம் இருந்தவர் தீ எச்சரிக்கை மணி என்று நினைத்து, எல்லோரும் பத்திரமாக வெளியேறும்படி கேட்டுக்கொண்டார். டிபன் பாக்ஸ் விவகாரம் இன்னும் மோசம். வித்யா அதிகாலையில் எழுந்து தினையும் கேரட்டும் போட்டுச் செய்து அனுப்பும் உப்புமா டோரதியின் வயிற்றுக்குப் போனது. டோரதியின் பேக்கரி முட்டை பப்ஸ் இதழினியின் வயிற்றுக்குப் போனது. பாக்ஸ் பளபளவென்று காலியாக வருகிறதே என்று பதினைந்து நாள் உச்சி குளிர்ந்திருந்தவளுக்கு, சீருடைப் பாக்கெட்டிலிருந்து உதிர்ந்த பப்ஸ் தூள்தான் உண்மையைச் சொன்னது.

"சேர்க்கை சரியில்லங்க," என்றாள் கணவன் ஹரிஷ்குமாரிடம்.

அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க வித்யா. நாளைக்கே காய் விட்டுக்கும். விடு," என்றான்.

விடுகிற ரகமா வித்யா? திண்டிவனத்திலிருந்து பெங்களூர் வந்து நாலு வருடம் ஆகிறது. இந்த நாலு வருடத்தில் விவேக் நகரில் வீடு பிடித்து, பள்ளியில் இடம் பிடித்து, இரண்டு தடவை பதவி உயர்வும் வாங்கியவள். எதையும் திட்டம் போட்டுச் செய்து முடித்துத்தான் அவளுக்குப் பழக்கம். அவளுடைய ஃபோனில் அறுநூறு பெயர்கள் இருந்தன. தண்ணி கேன்காரர், பிளம்பர், வேன்காரர், மூன்று மேனேஜர்கள். சும்மா கூப்பிட்டு "என்னடி பண்ற?" என்று கேட்க மட்டும் அதில் ஒரு பெயர் இல்லை. அது அவளுக்குத் தெரியாமலும் இல்லை. அதனால்தான் மகளுக்காவது முதலிலிருந்தே சரியான ஆளாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தாள்.

முதல் திட்டம், ஆத்யாவை வீட்டுக்கு வரவழைப்பது. ஒரு சனிக்கிழமை வீணா தன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். இரண்டு பெண்களும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் ஒரு சத்தம் இல்லை. விசில் இல்லை, குதிப்பு இல்லை. வித்யாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பழத்தை வெட்டித் தட்டில் எடுத்துக்கொண்டு மெல்லக் கதவைத் திறந்தால், ஆத்யா தரையில் குப்புறப் படுத்து, ஸ்கேல் வைத்துப் பெரிய தாளில் என்னவோ வரைந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"ஸ்கூல் மேப் ஆன்ட்டி. ப்ராஜெக்ட்."

நிஜமாகவே பள்ளிக்கூடத்தின் வரைபடம்தான். மூன்று மாடி, படிக்கட்டு, ஸ்டாஃப் ரூம், டாய்லெட் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. அவற்றின் நடுவே சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் அம்புக்குறி போட்ட மூன்று கோடுகள். வித்யா அதை ஃபோனில் படம் எடுத்து, "சேர்க்கைன்னா இது!" என்று எழுதி அடுத்த அறையில் இருந்த ஹரிஷுக்கு அனுப்பினாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது விஷயத்துக்கு வந்தாள். "பர்த்டே அன்னிக்கு டப்பாவுக்கு ஆத்யாவையே கூட்டிட்டுப் போயேன் கண்ணு. எவ்ளோ சமத்து அவ."

"சரி," என்றாள் இதழினி.

"அப்ப டோரதி?"

"அதான் சரின்னு சொல்லிட்டேனே. மறுபடி மறுபடி கேட்டா எனக்கு பேண்ட்விட்த் இல்லம்மா."

வித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரமில்லை என்பதற்கு அவள் மேனேஜரிடம் சொல்லும் வார்த்தை அது. சொன்ன மாதிரியே புருவத்தைத் தூக்கிச் சொல்கிறதே குழந்தை! இவ்வளவு சுலபத்தில் "சரி" வந்ததே என்று சந்தேகப்பட வேண்டியவள், பெருமையில் அதைக் கோட்டை விட்டுவிட்டாள்.

இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு இரண்டாவது திட்டத்தையும் நடத்தினாள். வகுப்பு மிஸ்ஸைப் பார்த்து, இதழினியை டோரதியின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்று காதோடு காதாகக் கேட்டுக்கொண்டாள். மிஸ் ஒரு மாதிரி சிரித்தார். "இதே ரெக்வெஸ்ட் இன்னொரு அம்மாகிட்டேருந்தும் வந்திருக்கு மேடம். மாத்திடறேன்." பார்த்தாயா, டோரதியைப் பற்றி வேறு ஒரு தாயும் புகார் சொல்லியிருக்கிறாள் என்று வித்யாவுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவதுதான் உளவு. டோரதியின் அம்மா அன்னா, இரண்டு தெரு தள்ளி, வீட்டின் முன் அறையிலேயே பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அவள் வந்து வித்யா பார்த்ததில்லை, அதனால் தன் முகம் அவளுக்குத் தெரியாது என்று தைரியம். பிள்ளை இப்படி என்றால் வீடு எப்படி இருக்கும் என்று ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும். பிறந்தநாளுக்கு முந்தின நாள், புதன்கிழமை பகல், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஆபீசில் பல் வலி என்று சொல்லிவிட்டு வித்யா கிளம்பினாள்.

பார்லர் அவள் நினைத்த மாதிரி இல்லை. தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. சுவரில் குழந்தை இயேசு படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு முன்னால் ஒரே ஒரு சுழல் நாற்காலி. அன்னாவுக்கு வித்யாவின் வயதுதான் இருக்கும். தூக்கிக் கட்டிய கொண்டை, தோளில் டவல்.

"வாங்க, உக்காருங்க. இன்னா பண்ணணும்?"

"ஐப்ரோ."

"புதுசா வர்றீங்களா? பேரு இன்னா?"

இந்தக் கேள்வியை வித்யா எதிர்பார்க்கவில்லை. "கிருத்திகா," என்றாள். கல்லூரி விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணின் பெயர்தான் வாயில் வந்தது.

"நல்ல பேரு. கண்ண மூடிக்குங்க. மேல ஒரு கை, கீழ ஒரு கை, தோல இழுத்துப் புடிச்சுக்குங்க. சொல்ப வலிக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அன்னா குனிந்தாள். கடித்தபடியே பேசவும் அவளால் முடிந்தது. தொழில் பழக்கம். வலது புருவம் முடிவதற்குள் விவேக் நகரின் தண்ணீர்ப் பிரச்சினை முடிந்தது. இடது புருவம் ஆரம்பிக்கும்போது வித்யா மெதுவாகக் கொக்கியை வீசினாள்.

"உங்களுக்குக் குழந்தைங்க?"

"ஒரே பொண்ணு, டோரதி. ரெண்டாங்கிளாஸ் படிக்குது. தங்கமான புள்ளைங்க, இந்த ஜூன் வரைக்கும்."

"ஏன், இப்ப என்ன?"

"சேர்க்கை சரியில்ல," என்றாள் அன்னா.

வித்யாவுக்குக் காது விடைத்தது.

"கிளாஸ்ல ஒரு பொண்ணு. இதழினின்னு பேரு. அது கூட சேந்துகினு எம்புள்ள கெட்டுக் குட்டிச்சுவரா பூட்டுது. டவல மடிச்சு வைடின்னா, 'அது என் ஸ்கோப்ல வராது மம்மி'ன்றா. ராத்திரி ஜெபம் பண்ணலாம் வாடின்னா, 'காலைல பண்ணலாமே, இப்ப பேண்ட்விட்த் இல்ல'ன்றா. ஞாயித்துக்கிழமை பூசையில, ஃபாதர் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுபோச்சு. இவ எழுந்து நின்னு, 'ஃபாதர், மீதிய ஆஃப்லைன்ல பேசலாமா'ன்னு கேக்குறா. முன் பெஞ்சில உக்காந்துகினு! நான் மூஞ்சிய எங்க வச்சிக்குறது சொல்லுங்க."

மீட்டிங் நீளும்போது, அப்புறம் தனியாகப் பேசலாம் என்பதற்கு வித்யா சொல்லும் வார்த்தை அது. அவளுடைய இரண்டு கையும் நெற்றியையும் இமையையும் இழுத்துப் பிடித்திருந்தன. உள்ளங்கால் மட்டும் செருப்புக்குள் சுருண்டுகொண்டது.

"அந்தப் பொண்ணோட அம்மா வூட்டுல இப்டித்தான் பேசுமாம். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகினு நாள் பூரா யார்கிட்டயோ முடியாது முடியாதுன்னு சொல்லிகினே இருக்குமாம். புள்ளைக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா, பாவம். அதுக்கு சோறுன்னு பாக்ஸ்ல தினைய வேற போட்டு அனுப்புதாம். குருவிங்களுக்குப் போடற தினை! எம்பொண்ணு பரிதாபப்பட்டு பப்ஸ குடுத்துட்டு அதத் தின்னுட்டு வருது. அதான் போய் மிஸ்கிட்ட சொல்லி சீட்ட மாத்திட்டேன்."

அப்படியானால் அந்த இன்னொரு அம்மா இவள்தான். வித்யாவுக்கு நெற்றி சுட்டது. அன்னா நிறுத்தவில்லை.

"நாளைக்கு அதுக்குப் பொறந்த நாளாம். டப்பா தூக்க டோரதியத்தான் கூப்டும், எனக்குத் தெரியும். நான் கண்டிப்பா சொல்லிட்டேன். கை தூக்கினே, தோல உரிச்சுடுவேன்னு. அந்தப் பொண்ணு கூப்ட்டாலும் நீ போகக் கூடாது, ஆமா."

வித்யா நியாயமாகப் பார்த்தால் எழுந்து அன்னாவைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஒரு மாதமாக அவள் கேட்டது இதைத்தானே? செலவில்லாமல், திட்டமில்லாமல், எதிராளியே முன்வந்து முடித்துக் கொடுத்துவிட்டாள். ஆனால் அவளுக்கு வந்தது கோபம். இன்னது என்று சொல்ல முடியாத கோபம். என் பெண்ணுக்கு என்ன குறைச்சல்? என் பெண் கூப்பிட்டு ஒருத்தி வரக் கூடாதா? முதலை வளர்க்கிறவளுக்கு என் பெண் ஆகாதா?

அந்தக் கோபத்துக்கு அடியில், மூடிய கண்ணுக்குள், ஒரு கை தெரிந்தது. மூன்றாம் வகுப்பு, திண்டிவனம். ஓட்டுக் கூரையின் இடுக்கில் வெயில் விழுந்த வகுப்பறை. அன்றைக்கு வித்யாவின் பிறந்தநாள். சிநேகிதி தனக்கோடி இரண்டாவது பெஞ்சிலிருந்து கையை நேராகத் தூக்கியிருந்தாள். அவள் எகிறவில்லை, "நான்" என்று கத்தவும் இல்லை. தன்னைத்தான் கூப்பிடுவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாததால் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். வித்யா, அம்மா சொல்லி அனுப்பியபடி, தலைமையாசிரியர் மகளின் பெயரைச் சொன்னாள். தனக்கோடியின் கை உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, அப்புறம் மெதுவாக இறங்கியது. தலைமையாசிரியர் மகள் வழியெல்லாம் சாக்லேட்டைத் தின்றுகொண்டு வந்தாள். அடுத்த மாதம் அவளுடைய பிறந்தநாளுக்கு வேறு யாரையோ கூப்பிட்டாள். தனக்கோடி அப்புறம் வித்யாவோடு பேசவே இல்லை. அதற்குப் பிறகு வித்யாவுக்கு அப்படி ஒரு சிநேகிதி வாய்க்கவும் இல்லை.

"நான்தான் அந்த அம்மா!" என்று கத்திக்கொண்டே வித்யா கையை எடுத்துவிட்டுத் தலையைத் திருப்பினாள்.

நூல் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இடது புருவத்தின் வால் பாதி போய்விட்டது.

"அய்யோ, இன்னா பண்ணீங்க!" அன்னா நூலைத் துப்பினாள். "எந்த அம்மா?"

"இதழினி அம்மா. தினை அம்மா. நான்தான். என் பேரு கிருத்திகா இல்ல, வித்யா."

அன்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கண்ணாடியில் அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேர மாத்திகினு உளவு பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க."

"முதலைய தேடினீங்களா?"

"இல்ல… நேரம் கெடைக்கல."

அன்னாவின் வாய் ஓரம் துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. டவலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். வித்யாவுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்திருக்கப் பார்த்தபோது அன்னா தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காருங்க. இந்தப் புருவத்தோட வெளிய போனீங்கன்னா எங்க கடை பேரு நாறிப்பூடும்."

மீதிப் புருவம் சரியாவதற்குள் பேச்சுவார்த்தை நடந்தது. டோரதிக்கு முன்னால் ஸ்கோப், பேண்ட்விட்த் கூடாது என்று அன்னா கேட்டாள். முதலை வேண்டாம் என்று வித்யா கேட்டாள். முதலைக்குத் தான் பொறுப்பில்லை, அது அவள் அப்பா கிளப்பிவிட்டது என்று அன்னா சொன்னாள். தினைக்குப் பதில் வாரம் இரண்டு நாள் வித்யா எலுமிச்சம்பழச் சாதம் அனுப்புவது என்று முடிவானது. கடைசியில் வித்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாளைக்கு… டோரதி கைய தூக்கட்டுங்க. தயவுசெஞ்சு."

அன்னா பென்சிலால் புருவத்தின் வாலை வரைந்துகொண்டே, "சரி போங்க," என்றாள்.

சாயங்காலம் மகள் வேனிலிருந்து இறங்கியதும் வித்யா முட்டி போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உலகத்திலேயே பெரிய பரிசைத் தரப்போகிற பெருமை முகத்தில் வழிந்தது. "கண்ணு, நாளைக்கு நீ டோரதியையே கூட்டிட்டுப் போலாம். அவங்கம்மாவும் ஓகே சொல்லிட்டாங்க."

இதழினியின் முகம் விழுந்துவிட்டது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான்டி."

"ஐயோ," என்றாள் இதழினி. பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "உன் ஃபோன் குடு. ஆத்யாகிட்ட அர்ஜென்ட்டா பேசணும்," என்றாள். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசினாள். பிள்ளைகளுக்கு எப்போது எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று வித்யா மனதைத் தேற்றிக்கொண்டு பலூன் ஊதப் போனாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. உடனே வர வேண்டுமாம்.

பிரின்சிபால் அறைக்கு வெளியே பெஞ்சில் அன்னா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், தோளில் டவலோடு. வித்யா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் கழித்து, கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வீணா விடுவிடுவென்று வந்தாள்.

"என்ன இது, யாகே, ஏன் என்னைக் கூப்பிட்டாங்க? ஆத்யா பத்தி கம்ப்ளெயின்ட் வர சான்ஸே இல்ல," என்றபடி நின்றுகொண்டே இருந்தாள். பெஞ்சில் உட்காருவது தனக்கு ஆகாத காரியம் போல.

உள்ளே மேஜைக்கு ஒரு பக்கம் பிரின்சிபால். மறுபக்கம் கலர் கவுனில் இதழினி, யூனிஃபார்மில் டோரதி, ஆத்யா. மூன்று வாயைச் சுற்றியும் பழுப்பு நிறம். மேஜை மேல் காலி டப்பா. அதன் பக்கத்தில் விரித்து வைத்திருந்தது, வித்யா ஃபோனில் படம் எடுத்து அனுப்பிய அதே தாள். மூன்று மாடி, படிக்கட்டு, சிவப்பு, பச்சை, நீலம்.

பிரின்சிபால் நடந்ததைச் சொன்னார். இதழினி டோரதியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். இரண்டு நிமிடத்தில் ஆத்யா டாய்லெட் என்று அனுமதி கேட்டு வெளியே வந்திருக்கிறாள். முக்கால் மணி நேரம் ஆளைக் காணோம். ஆயா ரத்தினம்மாள் மூன்று மாடி டாய்லெட்டையும் தட்டிப் பார்த்துப் பயந்து, கேட்டைச் சாத்தச் சொல்லி, பள்ளிக்கூடமே அமர்க்களம். கடைசியில் மேல்மாடிப் படிக்கட்டுக்கு அடியில் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்களாம். டப்பா நடுவில் திறந்திருந்ததாம்.

"ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு சாக்லேட் வரல," என்றார் பிரின்சிபால். கொஞ்சம் நிறுத்தி, "என் ரூமுக்கும் வரல," என்றார். அதில்தான் குரல் கொஞ்சம் கம்மியது. "இந்தத் திட்டம் யாருது?"

வித்யா டோரதியைப் பார்த்தாள். வீணாவும் டோரதியைப் பார்த்தாள். அன்னாவே டோரதியைத்தான் பார்த்தாள்.

ஆத்யா ஒரு அடி முன்னால் வந்தாள். "என்னுது மேம். ஒரிஜினல் ப்ளான்ல இதழினி கூட நான் அஃபிஷியலா போவேன், டோரதி டாய்லெட்னு வருவா. நேத்து ஆன்ட்டி திடீர்னு பர்மிஷன் குடுத்துட்டாங்க. அதனால ரூட் மாத்த வேண்டியதாப் போச்சு. ஒருத்தர்தான் போணும்ங்கற ரூல் தப்பு மேம். நாங்க மூணு பேர் ஃப்ரெண்ட்ஸ்."

"அய்யோ தேவ்ரே," என்று வீணா சுவரைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், வித்யாவுக்கு அப்போது உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

பிரின்சிபால் இதழினி பக்கம் திரும்பினார். "ரூல்னா ரூல்தான். நீ சொல்லு. இந்த ரெண்டு பேர்ல யாரு உன் ஃப்ரெண்ட்?"

இதழினி இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் நிதானமாக, "மிஸ், இதை ஆஃப்லைன்ல பேசிக்கலாமா?" என்றாள்.

அன்னாவின் விரல்கள் வித்யாவின் முழங்கைச் சதையைப் பிடித்துத் திருகின. வலித்தது.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வித்யாவைப் பார்த்தார். "மேடம், நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணுக்கு யாரு ஃப்ரெண்ட்?"

ஒரு மாதமாக ராப்பகலாக விடையை உருப்போட்டு வைத்திருந்த கேள்வி. இதழினி தலையை நிமிர்த்தி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இடது புருவத்தில் பென்சில் கோடு அழிந்திருந்ததையும் அவள் பார்த்திருக்கலாம். அந்தப் பக்கம் டோரதி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள், இந்தப் பக்கம் ஆத்யா.

"எனக்குத் தெரியாது மேடம்," என்றாள் வித்யா. "அது அவதான் சொல்லணும். அவ மூணு பேர்னு சொன்னா மூணு பேருதான்."

சொன்ன பிறகு அவளுக்கு மூச்சு லேசாக வந்தது.

மூன்று பிள்ளைகளும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்குப் புது டப்பா வர வேண்டும், முதல் சாக்லேட் இந்த அறைக்கு வர வேண்டும் என்று தீர்ப்பானது. மூன்று பேரும் சேர்ந்தே போகலாமா என்று ஆத்யா கேட்டாள். மன்னிப்புக் கேட்கத்தானே, போய்த் தொலையுங்கள் என்று பிரின்சிபால் கையை ஆட்டினார். வாசல் தாண்டியதுமே மூன்று பேரும் ஓட ஆரம்பித்தார்கள்.

இதழினி மட்டும் பாதி வழியில் திரும்பி ஓடி வந்தாள். குனிந்து வலது காலின் சாக்ஸுக்குள் கையை விட்டு இரண்டு சாக்லேட்டை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டும் உருகிக் கொழகொழவென்று இருந்தன.

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு உன் ஃப்ரெண்டுக்கு."

"என் ஃப்ரெண்டா? யாருடி அது?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? நீதான் செலக்ட் பண்ணணும்," என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

வித்யா கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். மரத்தடி நிழலில் வீணா காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யாரிடமோ ஃபோனில் படபடத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி அன்னா பழைய ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்தாள். அது கிளம்புவதாக இல்லை. வித்யாவுக்கு ஆபீசில் பன்னிரண்டு மணிக்கு மீட்டிங் இருந்தது. பையில் ஃபோன் அதைத்தான் சொல்லி அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்காமல் அன்னாவின் அருகே போய்க் கையை நீட்டினாள்.

"இன்னா இது?" என்றாள் அன்னா.

"சாக்லேட். கூட வர ஒருத்தரைக் கூப்பிடலாமாம். நான் உங்களைக் கூப்பிடறேன்."

அன்னா ஸ்கூட்டியை ஸ்டாண்டில் போட்டாள். அப்புறம் சாக்லேட்டை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு நிமிடம் மென்றாள்.

"சாக்ஸ் நாத்தம் அடிக்குதே, கிருத்திகா," என்றாள்.